செவன் சீட்டர் வாங்குமுன்: கடைசி வரிசையில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள்

ஷோரூமில் முதலில் டிரைவர் சீட்டில்தான் உட்காரவைப்பார்கள். பெரிய திரை, சன்ரூஃப், தோல் உறை போட்ட ஸ்டியரிங் எல்லாம் பார்த்ததும் மனசு பாதி விழுந்துவிடும். ஆனால் ஐந்து பேர் வண்டியை விட்டுவிட்டு ஏழு பேர் வண்டிக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் போய்ச் சேரும் இடம் முன்னால் இல்லை, பின்னால். அந்த மூன்றாவது வரிசையில் பாட்டியோ பத்தாவது படிக்கும் பையனோ திண்டிவனம் வரைக்கும் முனகாமல் வர முடியவில்லை என்றால், நாம் வாங்கியது பெரிய டிக்கி உள்ள ஃபைவ் சீட்டர்தான். ஆகவே இந்த வழிகாட்டி வண்டியைப் பின்பக்கத்தில் இருந்தே பார்க்கிறது. சென்னையின் வெயில், மழைத் தண்ணீர், குறுகிய தெரு, அடுக்குமாடி பார்க்கிங், தமிழ்நாட்டு சாலை வரி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

முதல் வேலை: காலண்டர்

போன வருடக் காலண்டரை எடுத்து, ஆறு பேருக்கு மேல் ஒன்றாகப் போன நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். குலதெய்வம் கோவில், கல்யாணம், திருப்பதி, தீபாவளிக்கு ஊர், எல்லாம் சேர்த்து எண்ணுங்கள். வருடத்துக்கு எட்டுப் பத்து நாள்தான் வருகிறது என்றால், அந்த நாட்களுக்கு டிரைவரோடு வாடகை வண்டி எடுப்பது எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். நாளுக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நாளுக்கு 80,000. ஃபைவ் சீட்டருக்கும் செவன் சீட்டருக்கும் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையில் நான்கு லட்சம் வித்தியாசம் இருந்தால், அது ஐந்து வருட வாடகை. பெரியவர்கள் கூடவே இருக்கிறார்கள், வாரம் ஒரு தடவையாவது ஆறு பேர் கிளம்புகிறோம் என்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், வண்டி தேவைதான்.

யார் எங்கே உட்காருவார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். முழங்கால் வலி உள்ளவர் எத்தனை பேர், குழந்தை சீட் எத்தனை, ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமானவர் எத்தனை பேர் என்பது முக்கியம். இந்தத் தாளை ஷோரூமுக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டாவது: வாசலில் டேப் பிடியுங்கள்

தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் கார் நிறுத்த ஒதுக்கும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஏழு பேர் வண்டிகளில் ரெனால்ட் ட்ரைபர் 4 மீட்டருக்குள் அடங்கும். மாருதி எர்டிகா ஏறத்தாழ 4.4 மீட்டர், கியா கேரன்ஸ் 4.5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். டொயோட்டா இனோவா கிரிஸ்டா 4.73, இனோவா ஹைகிராஸ் 4.75 மீட்டர். நீளத்தில் எல்லாமே உள்ளே நிற்கும். ஆனால் இனோவா நின்றபின் பின்னால் மிஞ்சும் கால் மீட்டரில் டிக்கிக் கதவைத் தூக்க முடியாது. தூக்கினால் பின்சுவரில் இடிக்கும்.

அகலத்தில்தான் சிக்கல் அதிகம். கிரிஸ்டா 1.83 மீட்டர் அகலம். 2.5 மீட்டர் இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சுவது 67 சென்டிமீட்டர். நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 33 சென்டிமீட்டர்தான், அதில் பெரியவர் இறங்கவே முடியாது. பக்கத்தில் தூண் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் ஒட்டி நிறுத்தி, எல்லோரையும் வெளியிலேயே இறக்கிவிட்டு உள்ளே எடுக்கிற பழக்கம் வேண்டியிருக்கும். நகர்த்தும் கதவுள்ள கார்னிவல் போன்றவை வேறு விலைத் தட்டில் இருக்கின்றன.

இயந்திர அடுக்குப் பார்க்கிங் உள்ள குடியிருப்பு என்றால், தட்டின் உயர வரம்பையும் எடை வரம்பையும் எழுத்தில் வாங்குங்கள். பல தட்டுகள் செடான் உயரத்துக்கே போட்டவை. எர்டிகா 1.69 மீட்டர், கேரன்ஸ் 1.7, கிரிஸ்டா 1.8 மீட்டர் உயரம். புக்கிங் கொடுத்தபிறகு இது தெரியவந்தால் வண்டி தெருவில்தான் நிற்கும்.

மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாடவீதிகளின் குறுக்குச் சந்துகளில் வீடு என்றால், சந்தின் மிகக் குறுகிய இடத்தை இரண்டு பக்கமும் பைக் நிற்கிற இரவு நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிகள் விரிந்த நிலையில் வண்டியின் அகலம் இன்னும் 20 சென்டிமீட்டருக்கு மேல் கூடும்.

மூன்றாவது: ஏழு பேரும் ஏறுங்கள்

இதைச் செய்யாமல் எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். குடும்பத்தோடு போங்கள். ஞாயிறு மாலை கூட்டமாக இருக்கும், வார நாள் காலையில் ஷோரூமில் பொறுமையாகப் பார்க்க விடுவார்கள்.

வரிசை இதுதான். வீட்டில் வழக்கமாக ஓட்டுபவர் தன் சீட்டைத் தனக்கேற்றபடி வைத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பின்னால் உயரமானவர் உட்கார்ந்து, முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழைகிற அளவுக்கு நடுவரிசையை நகர்த்தட்டும். அதன்பிறகு மூன்றாவது வரிசையில் ஏறுங்கள். விற்பனையாளர் நடுவரிசையை முழுக்க முன்னால் தள்ளிவைத்துவிட்டுத்தான் மூன்றாவது வரிசையைக் காட்டுவார். அப்படிப் பார்த்தால் எந்த வண்டியிலும் இடம் தாராளம்தான். நடுவரிசைக்காரர் வசதியாக இருக்கும் நிலையில் பின்னால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே நமக்கு வேண்டிய பதில்.

பின்னால் உட்கார்ந்ததும் தொடையைப் பாருங்கள். பாதம் தரையில் இருக்கும்போது தொடை சீட்டில் படிந்திருக்க வேண்டும். பல வண்டிகளில் மூன்றாவது வரிசையின் தரை மேடாகவும் சீட் தாழ்வாகவும் இருப்பதால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும், குத்தவைத்த மாதிரி. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. உடம்பின் எடை முழுக்க இடுப்பு எலும்பில் இறங்குவதால் நாற்பது நிமிடத்தில் முதுகு பிடிக்கும். அதனால் போனில் நேரம் பார்த்துக் குறைந்தது இருபது நிமிடம் அங்கேயே உட்காருங்கள். பாதத்தை நடுவரிசை சீட்டுக்கு அடியில் நீட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். அது முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தலை கூரையில் தட்டுகிறதா, தலைக்கும் பின்கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம், ஜன்னல் கண்ணாடி கண் மட்டத்தில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஜன்னல் சின்னதாகவோ மேலே ஏறியோ இருந்தால் பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்குக் குமட்டும்.

ஏறுவதும் இறங்குவதும் தனிப் பரீட்சை. நடுவரிசை எந்தப் பக்கம் மடங்கி வழி விடுகிறது என்று பாருங்கள். நம் ஊரில் நடைபாதை இடப்பக்கம், ஆகவே இடப்பக்க சீட் ஒரே இழுப்பில் மடங்கி முன்னால் சாய வேண்டும். கேரன்ஸில் பட்டனை அழுத்தினால் சாயும் வசதி வருகிறது. சில வண்டிகளில் சாய்மானம் மட்டும் மடங்கிச் சீட் முன்னால் நகரும், வழி குறுகலாக இருக்கும். வீட்டின் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே அந்த நெம்புகோலை இழுத்துப் பார்க்கட்டும். புடவை கட்டிய அம்மா ஏறிப் பார்க்கட்டும். உயரமான சட்டத்தில் கட்டிய கிரிஸ்டாவில் படி உயரம் கூடுதல், கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். எர்டிகா, கேரன்ஸில் இடுப்பு உயரத்துக்கு நேராகவே சீட் வரும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

நடுவரிசையில் குழந்தை சீட் மாட்டுவதாக இருந்தால், அதையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். குழந்தை சீட் மாட்டிய பக்கம் மடங்காது. பெஞ்ச் சீட்டில் ஒரு பக்கம் அப்படி அடைபட்டால் மறுபக்கம் ஒன்றுதான் வழி. தனித்தனி கேப்டன் சீட்டில் நடுவே இடைவெளி இருப்பதால் குழந்தையை எழுப்பாமலே பின்னால் போகலாம். அதற்கு விலையாக ஓர் ஆள் குறைகிறது, வண்டி ஆறு பேர் வண்டியாகிறது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆறு சீட்தான் நல்லது என்பது எங்கள் கருத்து. நடுவில் ஏழாவதாக உட்காருபவர் நீண்ட பயணத்தில் ஒருபோதும் சந்தோஷமாக இருப்பதில்லை.

நான்காவது: டிக்கி

மூன்று வரிசையும் நிமிர்ந்து நிற்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர், ட்ரைபரில் 84 லிட்டர் இடம் இருப்பதாகக் கணக்கு. லிட்டரில் சொன்னால் கைக்குப் பிடிபடாது. முதலிரண்டிலும் இரண்டு கேபின் பைகளை நிற்கவைத்து, இடுக்கில் ஒரு துணிப்பை செருகலாம். ட்ரைபரில் சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர் பாட்டில்களும் போகும். ட்ரைபரின் மூன்றாவது வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அப்போது 625 லிட்டர் கிடைக்கும்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஆள் அழைக்கப் போகிற வீடு என்றால், 23 கிலோ பெட்டி இரண்டைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு பெட்டிக்காகவே பின்வரிசையில் பாதியை மடக்க வேண்டி வரும். அதாவது நான்கு பெட்டியோடு மகன் குடும்பம் வந்து இறங்குகிற நாளில் இது ஐந்து பேர் வண்டிதான். பின்வரிசை 50:50 என்று பாதியாகப் பிரிந்து மடங்குகிறதா என்று பாருங்கள், மடங்கியபின் தரை சமமாக வருகிறதா என்றும் பாருங்கள். கூரை மேல் கேரியர் போடும் எண்ணம் இருந்தால் எடை வரம்பு கையேட்டில் இருக்கும், கண்ணளவில் ஏற்றக்கூடாது.

சி.என்.ஜி. எடுக்கிறீர்கள் என்றால் சிலிண்டர் பின்னால்தான் வரும். டிக்கி என்று ஒன்று மிஞ்சுகிறதா என்பதை நேரில் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஐந்தாவது: ஏசியைப் பகல் பன்னிரண்டுக்குச் சோதியுங்கள்

சென்னையில் செவன் சீட்டர் தோற்றுப்போவது பெரும்பாலும் ஏசியில்தான். கூரை வழியாக வரும் காற்றில் இரண்டு வகை உண்டு. பின்னால் தனியாகக் குளிர்விக்கும் சுருள் வைத்தது ஒன்று. முன்னால் குளிர்ந்த காற்றையே மின்விசிறியால் உறிஞ்சிப் பின்னால் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவது வகையில், முன்பகுதி குளிர்ந்தபிறகுதான் பின்னால் குளிர் போகும். உங்கள் வண்டியில் எது என்று கேளுங்கள். மூன்றாவது வரிசைக்கென்று தனித் துவாரம் இருக்கிறதா, அதன் வேகத்தைப் பின்னால் இருந்தே மாற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள்.

சோதனை எளிது. வெயிலில் நின்ற டெமோ வண்டியைக் கேளுங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை மூன்றாவது வரிசைத் தலை மட்டத்தில் வையுங்கள். ஏழு பேரும் ஏறி, ஏசியை முழு வேகத்தில் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பத்தாவது நிமிடத்திலும் பின்னால் 30 டிகிரிக்கு மேல் நிற்கிறது என்றால், அக்னி நட்சத்திரத்தில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பின்னால் இருப்பவர்கள் வெந்துபோவார்கள். சிக்னலில் நிற்கும்போது காற்று வெதுவெதுப்பாக மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். கண்ணாடிக் கூரை உள்ள வண்டியில் திரையை மூடியபின் கூரையைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் அந்தச் சூடு உள்ளேதான் இறங்கும்.

ஆறாவது: டெஸ்ட் டிரைவ், முழுச் சுமையோடு

தனியாக ஓட்டிப் பார்த்த செவன் சீட்டரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஏழு பேர் சராசரி 65 கிலோ என்றால் 455 கிலோ, பெட்டிகள் 60 கிலோ, ஆக 515. வண்டியின் வெற்று எடை 1,200, அனுமதித்த மொத்த எடை 1,785 என்றால் ஏற்றக்கூடியது 585 கிலோ. அதாவது சரியாக இருக்கிறது, மிச்சம் அதிகமில்லை. இந்த இரண்டு எண்களும் வண்டிப் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வரும், விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டு இதே கழித்தலைப் போடுங்கள். சி.என்.ஜி. சிலிண்டரின் எடையும் இந்தக் கணக்கில்தான் ஏறும்.

ஏறும் முன், பின்சக்கர வளைவின் உச்சிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பில் எடுங்கள். எல்லோரும் ஏறியபின் மறுபடி எடுங்கள். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தரை இடைவெளி பின்னால் குறைகிறது. கம்பெனி சொல்லும் கிளியரன்ஸ் காலி வண்டிக்கு, உங்கள் தெருவின் ஸ்பீடு பிரேக்கர் ஏறுவது நிறைந்த வண்டியில். ஒப்பிடப் போகிற எல்லா வண்டிக்கும் இந்த ஒரே அளவை எடுத்து எழுதிவையுங்கள்.

ஓட்டும் பாதையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். ஒரு மேம்பாலம், ஒரு மோசமான தெரு, ஒரு யு-டர்ன். கத்திப்பாரா போன்ற மேம்பாலத்தின் ஏற்றத்தில் மெதுவாகி, ஏசி போட்டபடியே மறுபடி வேகமெடுங்கள். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தனியாக ஓட்டும்போது கலகலவென்று போகும். ஏழு பேரோடு ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கித்தான் இழுக்கும். ட்ரைபரின் 1 லிட்டர், 72 குதிரைசக்தி எஞ்சினுக்கு இது இன்னும் கடினம். நகரத்துக்குள் அது சமாளிக்கும், மாதாமாதம் திருமலை மலைப்பாதையோ ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளோ ஏறுகிற குடும்பத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மோசமான தெருவில் ஓட்டுபவரின் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், பின்னால் இருப்பவரைக் கேளுங்கள். மூன்றாவது வரிசை பின்சக்கரத்துக்கு நேர்மேலே அமைந்திருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத்தான் முதலில் தெரியும். தூக்கிப்போடுகிறதா, அல்லது ஒரு தடவை அசைந்து அடங்குகிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் பின்னால் டக் என்று இடிச் சத்தம் கேட்டால் ஸ்பிரிங் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

டயர் காற்றைப் புறப்படும் முன் பாருங்கள். டிரைவர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு ஓர் அளவும் இருக்கும். தவறான காற்றில் எடுத்த தீர்ப்பு தவறாகவே இருக்கும்.

ஏழாவது: எந்த எரிபொருள்

இங்கே ஆசையை ஒதுக்கிவைத்து எண்ணைப் பாருங்கள். பெட்ரோல் 101, டீசல் 92 ரூபாய் என்று வைப்போம். நகரத்துக்குள் பெட்ரோல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 14, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் 18 கொடுக்கிறது என்று கொள்வோம். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் செலவு சுமார் 84,000 ரூபாய், டீசல் 65,700, ஹைபிரிட் 56,000.

டீசல் வண்டி ஷோரூம் விலையில் ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், அதற்கு 18 சதவீத சாலை வரியும் சேர்ந்து 1,77,000 ஆகிறது. வருடம் மிச்சமாவது 18,000 சொச்சம். முதல் திரும்பவே ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். 20,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

டீசலுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. பி.எஸ்.6 என்கிற புகை விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தானாக எரிந்து சுத்தமாக, நிலையான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். அண்ணா நகரில் இருந்து நுங்கம்பாக்கம், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டங்கள் மட்டும் என்றால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், பிறகு சர்வீஸ் சென்டருக்கு அலைச்சல். வாரம் ஒருமுறை ஓ.எம்.ஆரிலோ வெளிவட்டச் சாலையிலோ நீள ஓட்டம் இருப்பவர்கள் டீசலை எடுக்கலாம்.

நெரிசலில் ஹைபிரிட்தான் சிறப்பு. நின்று நின்று போகும்போது மோட்டார்தான் ஓட்டுகிறது, பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறுகிறது. டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. மின்சார வண்டியில் கேரன்ஸ் கிளாவிஸ் இ.வி. 2025 ஜூலையில் வந்தது. குடியிருப்புச் சங்கம் உங்கள் பார்க்கிங்குக்குத் தனி மீட்டர் இழுக்க எழுத்தில் சம்மதம் கொடுத்தபிறகு மட்டும் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

எட்டாவது: பாதுகாப்பு

கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு அதிகபட்சம் 32 புள்ளி, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 புள்ளி. நட்சத்திரத்தைப் பாருங்கள், அதோடு எந்த வருட மாடலுக்கு, எத்தனை ஏர்பேக் உள்ள வண்டிக்குக் கொடுத்தது என்பதையும் பாருங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். மோதல் சோதனையில் பொம்மைகள் உட்காருவது முன்வரிசையிலும் நடுவரிசையிலும்தான். மூன்றாவது வரிசைக்காரரைப் பற்றி அந்த நட்சத்திரம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

அதனால் அந்த வரிசையை நீங்களே சோதியுங்கள். இரண்டு சீட்டுக்கும் தோளைச் சுற்றி வரும் பெல்ட் இருக்க வேண்டும். தலைத்தாங்கி உயர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும், உயர்த்தினால் காதளவுக்கு வர வேண்டும். பக்கத் திரை ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை நீள்கிறதா என்று கேளுங்கள். ஆறு ஏர்பேக் என்று எழுதியிருந்தாலும் அது இரண்டு வரிசையோடு நின்றுவிடுவது உண்டு. சின்னக் குழந்தையைப் பின்கண்ணாடிக்கு ஒட்டி உட்காரவைக்காதீர்கள், அதற்கு நடுவரிசைதான் இடம்.

ஒன்பதாவது: மழைத் தண்ணீர்

2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தரையில் இருந்து அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் அந்த வாய்க்குள் போனால் எஞ்சினுக்குள் அமுங்காத நீர் சிக்கி, பிஸ்டன் தண்டு வளைந்துபோகும். சக்கரத்தின் மையத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறக்கவே கூடாது. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. சேதம் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான் நடக்கிறது. சாதாரண இன்ஷூரன்ஸ் இந்த எஞ்சின் சேதத்தை ஏற்காது, எஞ்சின் புரொடெக்ட் என்கிற கூடுதல் காப்பு இருந்தால்தான் கிடைக்கும். முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் நிறுத்துகிறவர்கள் இதையும், வண்டி முழுதாகப் போனால் பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் காப்பையும் விட்டுவிடக் கூடாது.

பத்தாவது: ஆன்-ரோடு தாளை வரிவரியாகப் படியுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ளவற்றுக்கு 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40. ட்ரைபர் முதல் வகை. எர்டிகா, கேரன்ஸ், இனோவா எல்லாம் இரண்டாவது. மின்சார வண்டிக்கு 5. இந்த வரி ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

நாம் கவனிக்க வேண்டியது தமிழ்நாட்டு ஆயுள் சாலை வரியை. 2023 நவம்பரில் மாறிய விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சம் என்கிற கோட்டைத் தாண்டும்போது என்ன ஆகிறது பாருங்கள். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,40,000 ரூபாய் வண்டிக்கு 1,87,200. ஷோரூம் விலையில் 50,000 வித்தியாசம், கையில் இருந்து போவது 1,08,500. பத்து லட்சத்துக்கு மேல் டி.சி.எஸ். என்று 1 சதவீத வருமான வரியை விற்கும்போதே வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் அன்றைக்குக் கட்ட வேண்டும். ஆகவே பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் வேரியண்ட்டில், அடுத்த வேரியண்ட்டின் சன்ரூஃபும் அலாய் வீலும் அந்த ஒரு லட்சத்துக்கு மதிப்புள்ளவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சி.சி.க்கு மேல் 1,500 வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596, ஜி.எஸ்.டி. தனி. சொந்தச் சேதக் காப்பை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் இரண்டு கொட்டேஷன் வாங்கி மேசையில் வையுங்கள், அதே காப்புக்கு டீலரின் தொகை அங்கேயே குறையும். ஹாண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்று ஏதாவது தொகை போட்டிருந்தால் எதற்கு என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். ‘எசென்ஷியல் கிட்’ என்று மிதியடியும் மட்கார்டும் சேர்த்துப் பதினைந்தாயிரம் போட்டிருந்தால், அதுவும் உங்கள் விருப்பம்தான்.

கடனில் மாதத் தவணையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 10 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை 20,758, மொத்தம் 12.46 லட்சம். ஏழு வருடம் என்றால் தவணை 16,089தான், ஆனால் மொத்தம் 13.51 லட்சம்.

தள்ளுபடி நம் ஊரில் ஆடி மாதத்தில் நன்றாகக் கிடைக்கும், சுபகாரியம் தள்ளிப்போவதால் ஷோரூம் காலியாக இருக்கும். டிசம்பர் கடைசியிலும் கிடைக்கும். ஆனால் டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் வாங்கினால் விற்கும்போது ஒரு வருடம் பழையதாகக் கணக்கிடுவார்கள், தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள்.

பதினொன்றாவது: ரிஜிஸ்டர் ஆகும் முன் வண்டியைப் பாருங்கள்

ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்துவிட்டால் அது உங்கள் வண்டி, திருப்ப முடியாது. அதற்கு முன்பே யார்டில் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆயுத பூஜைக்கு டெலிவரி கேட்டிருந்தால் நான்கைந்து நாள் முன்னரே போங்கள். அன்றைக்கு வரிசையாக வண்டி கொடுப்பார்கள், யாருக்கும் நின்று பார்க்க நேரம் இருக்காது.

சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் போனில் படம் எடுங்கள். தயாரான மாதம் டீலர் தரும் விற்பனைச் சான்றான ஃபார்ம் 21ல் வரும், கேட்டுப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2225 என்றால் 2025ன் 22வது வாரம். ஐந்து டயரும் வண்டி தயாரான மாதத்துக்குச் சற்று முன்னதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் என்று கேளுங்கள். எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் உள்ள குறியீடு ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள், ஒன்று மாறியிருந்தால் அது உடைந்து மாற்றியது. கதவு இடைவெளிகளில் விரலை ஓட்டுங்கள். பம்பர் ஓரத்தில் பெயிண்ட் நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் யார்டில் இடித்துச் சரிசெய்ததாக இருக்கலாம். ஓடிய தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் காரணம் கேளுங்கள்.

பிறகு செவன் சீட்டருக்கே உரிய இடங்களுக்கு வாருங்கள். மூன்றாவது வரிசையை மூன்று தடவை மடக்கி நிமிர்த்துங்கள், பூட்டு டக்கென்று விழ வேண்டும், ஆட்டினால் அசையக்கூடாது. பின்வரிசையின் ஒவ்வொரு பெல்ட்டையும் முழுக்க இழுத்து விடுங்கள். கூரைத் துவாரங்களில் காற்று வருகிறதா, பின்னால் சார்ஜிங் முனை வேலை செய்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும் வகை என்றால், அதை இறக்கும் கம்பி டூல் கிட்டில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். டிக்கி நிறையப் பெட்டியோடு இரவில் விழுப்புரம் தாண்டிப் பஞ்சரானால், அந்தக் கம்பி எந்த மூலையில் இருக்கிறது, அதைச் செருகும் துளை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

டெலிவரி அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டுப் படம் எடுக்கும் முன், இன்ஷூரன்ஸ் தாளில் உள்ள சேஸ் எண்ணும் நீங்கள் யார்டில் எடுத்த படத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எஞ்சின் புரொடெக்ட் அந்தத் தாளில் பெயர் சொல்லி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது சாவியைக் கையில் வாங்குங்கள். பாக்கி தர வேண்டிய மிதியடி, நம்பர் பிளேட் எதுவானாலும் டெலிவரி நோட்டில் கையால் எழுதி, மேலாளரின் கையெழுத்து வாங்கியபிறகு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.